முனகல் நின்ற பெட்டி

நல்லவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டவன் எதிரில் வந்தால் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம், வார்த்தையை அளந்து பேசுகிறோம். நல்லவனிடம் அந்த ஜாக்கிரதை இருப்பதில்லை. என் கூடப்பிறந்த அண்ணன் அப்படி ஒரு நல்லவன். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். அவன் மனைவியைப் பற்றிக் கேட்டால் மட்டும், பதில் சொல்லுமுன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வது?

அவள்தான் என் அண்ணி. அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் அண்ணன்மேல் கோபம் வந்துவிட்டது. வரட்டும், இரண்டும் ஒரே கதைதான்.

அண்ணி ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் செய்கிறாள். எங்கள் கடைக்கு ஒரே ஷட்டர். உள்ளே நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் என் தையல் மிஷின், அந்தப் பக்கம் அவள் மேஜை. என் மிஷின் மோட்டார் ஓடினால் அவள் சோதித்துக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்கும். உடனே ஸ்க்ரூடிரைவரின் பிடியால் பிளைவுட்டில் தட்டுவாள். நான் போட்ட தையலை முடித்துவிட்டுத்தான் காலை எடுப்பேன். மறுபடி தட்டுவாள். கடையில் பாதி என்னுடையது என்று நான் கத்துவேன். காது முழுசும் என்னுடையது என்று அவள் கத்துவாள். நாங்கள் சண்டை போடாத நாளில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ஆம்ப்ளிஃபையர் கம்பெனியில் வேலை பார்த்தாள். பெட்டிகள் வரிசையாக வரும். வரிசையின் கடைசியில் அவள் உட்கார்ந்திருப்பாள். சோதித்துப் பார்த்து, சரியாக இருந்தால் தன் கையெழுத்தோடு ஒரு பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. மாதக் கடைசியில் சூப்பர்வைசர் வந்து கெஞ்சுவாராம், கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளம்மா, லாரி வெளியில் நிற்கிறது என்று. லாரி நிற்கட்டும் என்பாளாம். அங்கே அவளுக்கு வைத்த பெயர் ரிஜெக்ட். கம்பெனியை மூடிவிட்டார்கள். பெயர் மட்டும் அவளோடு எங்கள் தெருவுக்குக் குடிவந்தது. அந்தக் கம்பெனியையே இவள்தான் ரிஜெக்ட் பண்ணிவிட்டாள் என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள்.

என் அண்ணனுக்கும் ஒரு பெயர் உண்டு. அட்ஜஸ்ட். பஸ்ஸில் இடம் இல்லையா, பந்தல்காரன் நேரத்துக்கு வரவில்லையா, மாப்பிள்ளை வீட்டுக்காரர் முறைக்கிறாரா, கூப்பிடு அவனை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று ஆரம்பித்தானானால் எதிரில் நிற்பவன் தன் கோபம் எங்கே போனது என்று தேட ஆரம்பித்துவிடுவான். கடைக்கு வரும் பெட்டிகளை எடுத்துவருவதும், ரிப்பேரான பிறகு கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பதும் அவன் வேலை. அண்ணி பேசினால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார், அண்ணன் பேசினால் திரும்பி வருவார். பெட்டியைத் திறக்கத் தெரியும், ஒயர் மாற்றத் தெரியும். பார்த்துப் பார்த்துப் பழகியது. ரிஜெக்டும் அட்ஜஸ்டும் ஒரே வீட்டில் எப்படிக் குப்பை கொட்டுகிறார்கள் என்று ஊரே கேட்கும். நானும் அந்தப் பேச்சில் சேர்ந்து சிரித்தவள்தான்.

அண்ணி வேலை செய்வதைப் பார்க்கவேண்டும். வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு டம்ளரில் போடுவாள். பிளக்கைப் பிடுங்கி, எல்லாரும் பார்க்கிற மாதிரி மேஜைமேல் வைப்பாள். மூடியைத் திறந்ததும் கை வைக்கமாட்டாள். உள்ளே கபாசிட்டர் என்று குட்டை டப்பாக்கள் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவை மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு ரெசிஸ்டரை வைத்து அதை மெதுவாக வடியவிட்டு, மீட்டரில் பார்த்து, அப்புறம்தான் விரலை உள்ளே விடுவாள். ரிப்பேர் முடிந்து முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது நேரே கொடுக்கமாட்டாள், வழியில் ஒரு குண்டு பல்பு இருக்கும். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். ஓடும் பெட்டியில் அளவெடுக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் செருகிக்கொள்வாள். பின்னால் யார் கையைப் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்குகிற கரண்ட் நெஞ்சு வழியாகத்தான் போகும், இதயத்துக்குப் பக்கத்தில் எனக்கு வேறு ஆள் இருக்கிறார் என்பாள். அவள் சொல்லும் ஒரே ஜோக் அது.

ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த பெட்டியில் ஃபியூஸைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் இருந்தது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று அவராகச் செய்த ஏற்பாடு. அண்ணி அதைப் பிரிக்கவில்லை. அவர் கையிலேயே கொடுத்து, பிரிக்கச் சொல்லி, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றார். அப்புறம் அவள் பேசியதை நான் இங்கே எழுத முடியாது. அந்த மனிதர் போன பிறகு அண்ணன் பின்னாலேயே ஓடி, அவளுக்குத் தலைவலி, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தான். அவளுக்குத் தலைவலியே வராது.

போன வருஷம் ஒரு பாட்டுக் குழுவின் பெரிய பெட்டி புகைந்துபோய் எங்களிடம் வந்தது. மைக்குகளை எல்லாம் நேராக அதில்தான் சொருகுவார்கள். அண்ணி எரிந்ததை எல்லாம் மாற்றி, எங்கள் கடையில் ஓடவிட்டுப் பார்த்தாள். ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தாலும் சத்தமில்லை. குழு ஒத்திகை பார்க்கும் அரங்கத்தில் கொண்டுபோய் மாட்டினால் ம்ம்ம்ம் என்று முனகுகிறது. பாட்டு நின்றாலும் முனகல் நிற்பதில்லை.

அண்ணி இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். குறை பெட்டியில் இல்லை, மேடையில் எல்லாம் ஒன்றோடொன்று சேருகிற இடத்தில் எங்கேயோ இருக்கிறது, ஒரு நாள் முழுக்க மேடையை என்னிடம் விடுங்கள் என்று குழுவின் மேனேஜரிடம் கேட்டாள். அவர் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சொன்னார்: "இந்தம்மா பொழுதுபோக்குக்கு என் மேடையத் தரணுமா? பொம்பளைகிட்ட பெட்டியக் குடுத்தது என் தப்பு." அண்ணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எல்லாவற்றையும் மறுபடி சோதித்து, கம்பெனிப் பழக்கப்படி கையெழுத்திட்ட பச்சை ஸ்டிக்கரை, யாராவது திறந்தால் கிழியும்படி மூடியின் ஸ்க்ரூவின்மேல் ஒட்டி, அண்ணனிடம் கொடுத்தனுப்பினாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். முனகல் நின்றுவிட்டது.

எப்படி என்று அண்ணி கேட்டாள். பிளக்கை வேறு பாயிண்டில் மாட்டினேன், நீ சொன்ன மாதிரியே பெட்டியில் ஒன்றும் இல்லை என்றான். எந்தப் பாயிண்ட் என்று கேட்டாள். ஏதோ ஒன்று, நின்றுவிட்டதல்லவா, விடு என்றான். அரங்கத்திலோ, அண்ணி போனில் சொல்லச் சொல்லத்தான் சரிசெய்தேன் என்று சொல்லியிருக்கிறான். அடுத்த நிகழ்ச்சியில் மேனேஜர் அவளை மேடைக்கே கூப்பிட்டு, யாராலும் முடியாததைச் செய்த அம்மா இவர்தான் என்று மைக்கில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. அண்ணன் முதல் வரிசையில் எழுந்து நின்று தட்டினான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அதற்கப்புறம் கடையில் பெட்டிகள் குவிந்தன. ரிஜெக்ட் என்று கிண்டல் செய்தவர்கள் மேடம் என்றார்கள். அண்ணி மட்டும் தேறவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே யோசிப்பாள். அது ஏன் போனது என்று தெரியவில்லையே என்பாள். காரணம் தெரியாமல் நின்ற சத்தத்தை நம்பக்கூடாது என்பாள். எனக்கு அவள்மேல் எரிச்சலாக இருந்தது. நல்லது நடந்தாலும் நோண்டுகிறாளே, என்ன பிறவியோ என்று நினைத்தேன்.

மாதங்கள் போயின. ஒரு நாள் மதியம் ஒத்திகையில் அந்தக் குழுவின் பாட்டுக்காரிக்கு ஷாக் அடித்தது. அவளை எனக்கு நன்றாகத் தெரியும், அவள் மேடைக்குப் போடும் உடைகள் எல்லாம் நான் தைத்தவை. வலது கையில் மைக். கிதார்காரரிடம் ஏதோ ஒரு இடத்தைக் காட்டுவதற்காக இடது கையால் அவருடைய கிதார் கம்பியைத் தொட்டிருக்கிறாள். தொட்ட கையும் வரவில்லை, பிடித்த கையும் வரவில்லை. சத்தம் போடக்கூட முடியவில்லையாம். யாரோ ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்கள். அவள் மேடையிலிருந்து கீழே விழுந்தாள். உள்ளங்கை வெந்துபோய், முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து, உயிர் மிஞ்சியது.

சேதி வந்தபோது அண்ணி கையில் சூடான சால்டரிங் கம்பி இருந்தது. அதை அதன் தாங்கியில் வைத்துவிட்டு, அந்தப் பெட்டியை யாரும் மறுபடி மாட்டக்கூடாது, அப்படியே இங்கே கொண்டுவரச் சொல் என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

மேனேஜர் கொண்டுவந்தார். கூடவே பாட்டுக்காரியும் கையில் கட்டோடு வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, எனக்கு நேரில் பார்க்கவேண்டும் என்று வந்துவிட்டாள். மேனேஜர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். போலீஸ் என்றார், கடையை இழுத்து மூடவைக்கிறேன் என்றார், அரைகுறை வேலை என்றார். வாங்கிய கைதட்டலுக்கு இதுதானா பதில் என்றார். அண்ணி முழுவதையும் நின்று கேட்டாள். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அவர் ஓய்ந்த பிறகு சொன்னாள். "இது என் கை செஞ்சதுன்னா இன்னையோட இந்த மேஜைய மடிச்சிடறேன். வேற எவன் பெட்டியையும் தொடமாட்டேன். ஆனா திறக்கறது நான்தான்."

பிளக்கை எங்கும் மாட்டவில்லை. மீட்டரை எடுத்தாள். பிளக்கில் எர்த் முள் என்று ஒன்று இருக்கிறதல்லவா, உள்ளே எங்காவது கரண்ட் கசிந்து இரும்புக் கூட்டுக்கு வந்தால் அது ஆளைத் தொடாமல் மண்ணுக்குப் போக வழி. அந்த முள்ளுக்கும் கூட்டுக்கும் நடுவில் மீட்டரை வைத்தாள். இணைப்பு இருந்தால் மீட்டர் சத்தம் போடவேண்டும், போடவில்லை. அப்புறம் கரண்ட் வரும் முள்ளுக்கும் கூட்டுக்கும் நடுவில் வைத்தாள். அங்கே சத்தமே வரக்கூடாது. மீட்டர் கீச்சென்று கத்தியது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு ஸ்டிக்கரைக் கிழித்து, மூடியைத் திறந்து, கபாசிட்டரை வடியவிட்டு, விளக்கை இழுத்து வைத்தாள். எல்லாரும் குனிந்து பார்த்தோம். ஒயர் உள்ளே நுழையும் ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கவேண்டும். அது வெளியே நழுவிக் கிடந்தது. தகரத்தின் விளிம்பு ஆட ஆட ஒயரின் தோலை அறுத்து, உள்ளே இருக்கும் செம்பு கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது; அங்கிருந்து மைக்கின் உலோகம் வரைக்கும் கரண்ட் போயிருக்கிறது. எர்த் இருந்திருந்தால் அந்த நிமிஷமே ஃபியூஸ் போய்ப் பெட்டி செத்திருக்கும், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. எர்த் ஒயர் இல்லை. அதாவது இருந்தது. அடியோடு நறுக்கி, நுனியை மடக்கி, அழகாக ஒரு நூலால் கட்டி, ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டார். "ஸ்டிக்கர் உங்களுது. கையெழுத்து உங்களுது. எங்க ஆளுங்க ஒருத்தனும் திறக்கல. அப்ப இது யாரு வெட்டினது?"

அண்ணி அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். மயில்கழுத்து நிறம். அந்த நிறம் என்னிடம் எப்போதும் இருப்பதில்லை. பாட்டுக்காரியின் ஒரு உடைக்காகவே தேடி வாங்கிய நூல். அந்தப் பெட்டி கடைசியாக எங்கள் கடையை விட்டுப் போன அன்றுதான் அந்த உடையையும், பட்டன் தளர்ந்தால் தைத்துக்கொள்ள ஒரு பாபின் நூலையும் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். பையைக் கொண்டுபோனவன் என் அண்ணன். அவன் சட்டைப் பையில் அண்ணி கையெழுத்திட்ட ஸ்டிக்கர்கள் எப்போதும் நாலைந்து கிடக்கும், வழியில் உரிந்தால் ஒட்டுவதற்கு.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது. சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அண்ணியும் அதற்குத்தான் காத்திருந்தாள் என்று இப்போது தெரிகிறது. அவன் மேனேஜரிடம் கையைக் கூப்பினான். "சார், ஏதோ எங்க பக்கம் கவனக்குறைவு நடந்திருக்கு. நாங்க பாத்துக்கறோம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

எங்க பக்கமாம். பெண்டாட்டி தன் பிழைப்பையே மேஜைமேல் வைத்துவிட்டு நிற்கிறாள், இவன் அதில் தானும் பாதியாகச் சேர்ந்துகொண்டு, முழுப் பழியும் அவள்மேல் விழும்படி அழகாகப் பேசுகிறான். குரலில் அவ்வளவு பணிவு. எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது.

"நூல் என்னுது" என்றேன் பாட்டுக்காரியிடம். "வெட்டினது இவன். என் அண்ணன். பெட்டியையும் உங்க துணியையும் ஒண்ணா எடுத்துக்கிட்டுப் போன அன்னைக்கு."

பாட்டுக்காரி நூலைக் கிட்டத்தில் பார்த்தாள். தன் உடையின் நூல் என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம்தான் எல்லாம் வந்தது. எர்த் ஒயரை எடுத்தால் முனகல் நிற்கும் என்று வேறொரு குழுவில் எவனோ இவனிடம் சொல்லியிருக்கிறான். அவர்கள் எல்லாருமே அப்படித்தான் செய்வார்களாம். வெட்டினான், நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று அப்படியே விட்டுவிட்டான். அவளை இந்த மேனேஜர் அவமானப்படுத்திப் பேசியதைத் தாங்க முடியாமல்தான், அவளுக்கு நல்ல பெயர் வரவேண்டும் என்றுதான் செய்தேன் என்று சொல்லி அழுதான்.

இனிமேல் நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் கொதிக்கிறது. மேனேஜரின் முகம் இளகியது. இவ்வளவு நேரம் போலீஸ் போலீஸ் என்று குதித்த மனிதர் அண்ணனின் தோளில் கை வைத்தார். "சரி விடுங்க. நல்ல மனசுலதான செஞ்சிருக்கீங்க" என்றார். அண்ணி செய்தாள் என்றபோது அது குற்றம். அண்ணன் செய்தான் என்றதும் அது நல்ல மனசு. கையில் கட்டோடு ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள், வெந்துபோன உள்ளங்கை யாருடைய மனசைப் பார்த்து வெந்தது? கையில் இருந்த கத்தரிக்கோலை நான் கீழே வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

பாட்டுக்காரி இவர்கள் யாரையும் பார்க்கவில்லை. இனிமேல் மைக்கைப் பிடிக்க முடியுமா என்று அண்ணியிடம் மெதுவாகக் கேட்டாள். டீஸ்பூனைத் தொட்டால்கூட இப்போது உடம்பு உதறுகிறதாம். பாட்டைத் தவிர வேறு தொழில் அவளுக்குத் தெரியாது. நான் சொல்கிறேன், அதுவரைக்கும் எதையும் தொடாதே என்றாள் அண்ணி.

வீட்டில் அண்ணி பேச்சை நிறுத்திவிட்டாள். அண்ணன் காபி போட்டுக் கொடுத்தான், துணி துவைத்தான், அவளுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்து வாங்கிவந்தான். இவ்வளவு நல்லவனை இப்படி வாட்டுகிறாளே என்று தெருவில் பேச ஆரம்பித்தார்கள். என்னிடமே வந்து தூது சொல்லச் சொன்னார்கள். நான் கதவைச் சாத்தினேன். ஒரு நாள் அண்ணன் அவள் காலடியில் உட்கார்ந்து, தப்புதான், ஆனால் உனக்காகத்தானே செய்தேன் என்றான். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அந்த முனகல் ஏன் போச்சுன்னு நான் தூங்காம யோசிச்சேனே, பக்கத்துலதான படுத்திருந்தீங்க. மேடையில என்னைப் பாராட்டினாங்களே, நான் செய்யாததுக்கு. எழுந்து நின்னு கை தட்டினீங்களே. அது எப்படி முடிஞ்சது உங்களால?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் எழுந்து பெட்டியைப் பார்க்கப் போய்விட்டாள். அறுந்த ஒயரை மாற்றினாள். புது ரப்பர் வளையம், புது எர்த் ஒயர், கூட்டின் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு அழுத்தமாக ஒரு ஸ்க்ரூ. பிறகு மேனேஜருக்குச் சொல்லியனுப்பினாள்: அரங்கத்தில், ஆள்மேல் கரண்ட் பாய்ந்தால் லைனைத் தானாக அறுக்கும் பிரேக்கர் போடும்வரை பெட்டி வராது, வந்த பிறகு மேடை ஒரு நாள் முழுக்க எனக்கு வேண்டும். இந்தத் தடவை அவர் கண்ணடிக்கவில்லை.

நானும் போனேன். வெறும் அரங்கம், பகல் வெளிச்சம், மடித்து அடுக்கிய நாற்காலிகள். பெட்டியை மாட்டியதும் முனகல் பழையபடி வந்தது. அண்ணி மண்டியிட்டு ஒயர் ஒயராகப் போனாள். கிதாரின் தனி ஆம்ப்ளிஃபையர் மேடையின் அந்தக் கோடியில் சொருகியிருந்தது, இந்தப் பெட்டி இந்தக் கோடியில். இரண்டுக்கும் எர்த் தனித்தனி வழி. நடுவில் கிதாரின் சத்தத்தை இந்தப் பெட்டிக்குக் கொண்டுவரும் ஒயர் ஒன்று இரண்டையும் இணைத்தது; ஷாக் அடித்த அன்று அது கழன்று கிடந்ததால்தான் கரண்ட்டுக்கு மண்ணுக்குப் போக வேறு வழி இல்லாமல் போனது. மேடையையே சுற்றி ஒரு பெரிய வளையம், அதற்குள் ஓடியதுதான் அந்த முனகல். இரண்டு பிளக்கையும் பிடுங்கி, பக்கத்தில் பக்கத்தில் ஒரே பலகையில் மாட்டினாள். சத்தம் அடங்கியது. ஸ்பீக்கரில் காதை வைத்தால் மட்டும் லேசாகக் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் கேக்குதே" என்றார் மேனேஜர்.

"கேக்கட்டும்" என்றாள் அண்ணி.

பாட்டுக்காரி முன் வரிசையில் ஒரு நாற்காலியை விரித்து உட்கார்ந்திருந்தாள். நல்ல கை மடியில் கிடந்தது. அண்ணி மீட்டரால் மைக்கையும் கிதார் கம்பியையும் அளந்து பார்த்தாள். பிறகு வலது கையில் மைக்கைப் பிடித்து, இடது கையால் கம்பியைத் தொட்டாள். வாழ்நாள் முழுவதும் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்தவள் இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அவசரப்படவில்லை. பாட்டுக்காரி பார்க்கவேண்டும் என்று நின்றாள். ஆனால் பாட்டுக்காரி எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முயன்று மறுபடி உட்கார்ந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

மேடையின் ஓரத்தில் அண்ணன் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். அண்ணி மைக்கை அவன் பக்கம் நீட்டினாள். அவன் சிரித்த முகத்தோடு வேகமாக வந்தான், கூப்பிட்டுவிட்டாளே என்ற சந்தோஷம். கையை நீட்டினான். நீட்டிய கை மைக்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. பெட்டியைப் பார்த்தான், பிளக்கைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

"எர்த் குடுத்திட்டியா?" என்று கேட்டான்.

அவன் என்ன கேட்டான் என்பது கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அண்ணி கத்தவில்லை. இடுப்பிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"திறந்து பாத்துட்டுப் பிடிங்க. உள்ள கை விடாதீங்க."

அவன் முதலில் பிளக்கைப் பிடுங்கி, எல்லாருக்கும் தெரியும்படி தரையில் வைத்தான். சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினான். ஒன்று கைநழுவி உருண்டு எங்கோ போனது. மூடியைத் தூக்கியபோது பின்னால் நிழல் விழுந்தது. பாட்டுக்காரி நாற்காலியை விட்டு எழுந்து, படியேறி வந்து நின்றிருந்தாள்.

"நீங்க வெட்டினது எது?" என்று கேட்டாள்.

அண்ணன் விரலால் காட்டினான். நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. அவள் குனிந்து அந்த ஒயரையும், அது சேரும் இடத்தையும், புது ஸ்க்ரூவையும் சாவகாசமாகப் பார்த்தாள்.

"சரி, மூடுங்க" என்றாள். "மொதல்ல நீங்க பிடிங்க. நான் இங்க நின்னு பாக்கறேன்."

அவன் தரையைத் தடவி, உருண்டுபோன ஸ்க்ரூவைத் தேட ஆரம்பித்தான். நான் தேடிக் கொடுக்கவில்லை.